ஐஸ் வைக்கக் கூடாத பெட்டி

அத்தியாயம் 6

கொள்ளையடிக்கப்பட்ட ஒருவன் இவ்வளவு நேர்த்தியாக இஸ்திரி போட்ட சட்டையுடன் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ராஜதாஸ் மருத்துவமனையின் பின் வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கேரள எல்லையில், காரோடு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய மருத்துவமனை அது. அவன் அதன் டிரைவர். ஐம்பது வயது, தலை முழுக்க நரை. அவன் முன்னால் என் மனைவி சுகிர்தபாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் நிற்கிற விதம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

நான் பாறசாலை டிப்போவில் கண்டக்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வேலைப் பிரிவினை எளிது. அவள் துப்பறிவாள், நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், இடையிடையே வாயையும் ஓட்டுவேன். இப்போது ஸ்கூட்டர் மட்டும் இருக்கிறது. அதையும் அதிகம் வெளியே எடுப்பதில்லை.

“பைபாஸ்ல எந்த இடத்துல வச்சு?” சுகிர்தபாய் கேட்டாள்.

“பாலம் களிஞ்ச ஒடனே மேடம். ரண்டு பேரு பைக்குல வந்து ஜீப்ப மறிச்சாங்க. கத்தியக் காட்டிப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“எந்தப் பக்கமா?”

“தமிழ்நாட்டுப் பக்கமா.”

“ஹெல்மெட் உண்டா?”

“உண்டு.”

“ரண்டு பேருக்குமா?” என்று நான் கேட்டேன்.

“ரண்டு பேருக்கும்.”

“அப்ப நம்ம ஊருக்காரங்க இல்ல.”

சுகிர்தபாய் என் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பு வந்தால் அவள் திரும்ப மாட்டாள்.

போலீசுக்கும் சொல்லியிருந்தார்கள். கேரளத்துப் போலீஸ் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, பைக் எல்லையைத் தாண்டிவிட்டதே என்றது. தமிழ்நாட்டுப் போலீஸ் போனில் கேட்டுவிட்டு, சம்பவம் அங்கேதானே நடந்திருக்கிறது என்றது. நடுவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்காக மாடியில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் லிஜா. என் அக்காவின் பேத்தி. கல்லூரி முடித்து வீட்டில் இருப்பவள். ஏழு வயதிலிருந்து சர்க்கரை நோய். அன்றுமுதல் இன்சுலின் ஊசி. அதோடு போயிருந்தால் பழகிப்போயிருக்கும். கொஞ்ச காலமாக அவள் இரத்தத்தில் சர்க்கரை எந்த அறிகுறியும் காட்டாமல் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. வியர்ப்பதில்லை, கை நடுங்குவதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், அப்படியே சரிந்துவிடுவாள். தூக்கத்தில் அது வந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் அவளுடைய அம்மா ரெஜிலா தூங்குவதை விட்டுவிட்டாள். மகளின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். காலையில் எங்களுக்குப் போன் செய்ததும் அவள்தான்.

பெட்டியில் இருந்தது என்ன என்று மாடியில் டாக்டர் அகிலேஷ் விளக்கினார். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர். வயது குறைவு, அன்றைக்கு அதைவிடவும் குறைவாகத் தெரிந்தார்.

“அது மருந்தல்ல மேடம். ஜீவன்.”

யாரோ ஒருவர் இறந்தபோது அவருடைய வீட்டார் சம்மதித்துக் கொடுத்த கணையம். அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, கடற்பாசியிலிருந்து எடுத்த பசையால் சுற்றிலும் மெல்லிய சவ்வு கட்டி, ஜவ்வரிசி மாதிரி மணிகளாக்கியிருக்கிறார்கள். அணுக்கள் வாழத் தேவையான காற்று சவ்வைக் கடந்து உள்ளே போகும்; இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதுவும் போகும். உள்ளே இருக்கும் அணுக்கள் அதை உணர்ந்து இன்சுலினை வெளியே அனுப்பும். ஆனால் அந்நிய உயிர் என்று கண்டு அழிக்க வருகிற உடம்பின் காவல்படை அந்தச் சவ்வைத் தாண்ட முடியாது. லிஜாவின் வயிற்றுக்குள் அந்த மணிகளை வைப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் அறுவைச் சிகிச்சை. அவளுக்குப் பொருந்துகிற அணுக்கள் இத்தனை காலத்தில் கிடைத்தது இந்த ஒரு தடவைதான்.

“இன்னொண்ணு உண்டாக்க எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் சாகணும். அவருக்க வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். அது இவளுக்குச் சேரணும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாள் சொல்ல முடியாது.”

“பெட்டி எப்பிடி இருக்கும்?”

“வெள்ளத் தெர்மாகோல் பெட்டி. மேல செவப்பு ஸ்டிக்கர். ஐஸ் வைக்கக் கூடாதுண்ணு மூணு பாஷையில எழுதி ஒட்டியிருக்கோம்.”

“கடக்கரைக்கு வெள்ளப் பெட்டிய அனுப்பிட்டு ஐஸ் வைக்காதேண்ணா ஆரு கேப்பாங்க டாக்டரே.”

“அதனாலதான் மூணு பாஷை. ஐஸ் பட்டா செத்துப்போவும். வெயில் பட்டாலும் அதே. சாதா நெழலுல, திறக்காம இருந்தா நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கும்.”

கீழே இறங்கி வந்ததும் சுகிர்தபாய் நேராக ஜீப்புக்குப் போனாள். கதவைத் திறந்து பின் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். எழுந்தபோது கையில் ஒரு துண்டு வாழைநார் இருந்தது. இரட்டைச் சுருக்கு போட்டு அறுத்தது. அதன் முடிச்சில் ஒரு செந்நிற இறகு சிக்கியிருந்தது.

அதை ராஜதாஸின் மடியில் வைத்தாள்.

“சேவலு எங்க?”

அவன் அந்த இறகையே பார்த்தான்.

“ஜீப்புல ஒரு சேவல் இருந்துருக்கு. இப்ப இல்ல. கள்ளனுவ அதையும் புடுங்கினானுவண்ணா நீ அத மொதல்ல சொல்லியிருப்ப. பெட்டி ஆஸ்பத்திரிக்க பொருளு. சேவலு உனக்க பொருளு. சொல்லல்ல. அப்பண்ணா சேவல நீயே மனசோட எங்கயோ குடுத்துருக்க. ஞாயிற்றுக்கிழமை, வெள்ள வேட்டியும் உடுத்து, ஒரு மனுஷன் சேவல மனசோட எங்க கொண்டு குடுப்பான்?”

“சாப்பாட்டுக் கடையில,” என்றேன்.

“நீ சும்மா இரி கண்டக்டரே.”

ராஜதாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. தோள் மட்டும் அசைந்தது.

அன்று அவனுடைய சபையில் அறுப்புப் பண்டிகை. வீட்டில் விளைந்ததிலும் வளர்த்ததிலும் முதல் பங்கைக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுபோவார்கள். வாழைக்குலை, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, வீட்டில் செய்த பலகாரம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கம் அதற்கு லேலம் என்று பெயர். ராஜதாஸ் தான் வளர்த்த சேவலை அன்றைக்கு நேர்ந்திருந்தான். திருவனந்தபுரத்திலிருந்து வருகிற வழியில்தான் கோயில். ஒரு நிமிடம் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான்.

“ஜீப்ப வெயிலுல நிறுத்த வேண்டி வந்துது மேடம். பெட்டிய உள்ள வச்சா வெந்துபோவும்ணு பயந்தேன். டாக்டர் வெயிலுக்க காரியம் அத்தன தடவ சொல்லியிருந்தாரு. அதனால பெட்டியயும் கையோட எடுத்துட்டு எறங்கினேன். போர்ட்டிகோவுல மட்டும்தான் நெழலு. அங்க ஒரு மேசை கெடந்துது. அதுல பத்திரமா வச்சுட்டுச் சேவலக் குடுக்க உள்ள போனேன். திரும்பி வரும்போ பெட்டி இல்ல.”

“கேக்கல்லியா ஆருகிட்டயும்?”

“எப்பிடிக் கேப்பேன்? ஒரு புள்ளைக்க உயிர மேசையில வச்சுட்டுச் சேவலக் குடுக்கப் போனேன்ணு மைக்குல சொல்லவா?” அவன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான். “அங்க கள்ளன் வந்துருப்பான்ணு நெனைக்கவே இல்ல மேடம். கோயிலாக்கும்.”

சுகிர்தபாய் அவன் தோளைத் தொட்டாள். அவள் போலீசில் இருந்தபோது குற்றவாளிகளைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாள். அப்படியென்றால் இவன் குற்றவாளி இல்லை.

“அந்த மேசையில வேற என்ன இருந்துது?”

“வாழக்கொல, தேங்கா, பலகாரப் பாத்திரம்…” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

“கள்ளன் வரல்ல ராஜதாசே. காணிக்கை மேசையில வச்ச பொருளு காணிக்கையாக்கும். நீ ஆண்டவருக்குச் சேவலும் குடுத்த, பெட்டியும் குடுத்த.” அவள் என்னைப் பார்த்தாள். “வண்டிய எடு.”

கோயில் முற்றத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். லேலம் விளித்த நிபின் படிக்கட்டில் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வாலிபர் சங்கச் செயலாளர். ஊரில் அவன் குரலுக்கு மைக் வைப்பது வீண் செலவு என்பார்கள். அன்றைக்கு அந்தக் குரல் காற்று மட்டும்தான்.

“வெள்ளப் பெட்டி ஒண்ணு வந்துதா மக்கா?” என்றாள் சுகிர்தபாய்.

“வந்துது பாயக்கா. ஐஸ் வைக்கக் கூடாதுண்ணு செவப்புல எழுதியிருந்துது. நான் மைக்குல வாசிச்சேன். ஒரே சிரிப்பு. மீன் பெட்டியில ஐஸ் வைக்காதேண்ணு எழுதினவன் எவன்லேண்ணு.”

“தொறந்து பாக்கல்லியா?”

“மூடின பொருளத் தொறந்தா லேலத்துல ரசம் போயிடும். உள்ள என்னண்ணு தெரியாததுக்காக்கும் ஆளு கூடுதல் விளிக்கது.”

“கல்யாணமும் அப்பிடித்தானே,” என்றேன்.

சுகிர்தபாய் என் காலை மிதித்தாள். “ஆரு எடுத்தது நிபினே?”

அவன் காப்பியை ஊதினான்.

“ஞானையன் அங்கிள்.”

“எந்த ஞானையன்?”

“திருப்புறத்துல ஐஸ் பிளான்ட் வச்சிருக்காரே. அவராக்கும்.”

நான் ஸ்கூட்டர் சாவியைத் தவறவிட்டேன். எத்தனையோ வீடுகள் உள்ள சபையில், ஐஸ் படக் கூடாத பெட்டி போய்ச் சேர்ந்திருப்பது ஐஸ் தொழிற்சாலைக்காரர் கையில்.

“ஆடு லேலத்துல போனா கசாப்புக்காரன்தானே எடுப்பான்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்.

“எம்புட்டு பேரு எதுத்து விளிச்சாங்க?” என்றாள் சுகிர்தபாய். போட்டியாக விலை கூட்டிக் கேட்பதை அப்படித்தான் சொல்வோம்.

“ஆரும் விளிக்கல்ல.”

“இத்தன சிரிச்ச பெட்டிக்கா?”

நிபின் டம்ளருக்குள் பார்த்தான். “அவரு கையத் தூக்கினாரு. மத்தவங்க தூக்கல்ல. இந்த வருஷம் ஆரும் தூக்க மாட்டாங்க அக்கா.”

அதற்குள் பந்தல்காரன் கூப்பிட்டான். நிபின் அதுதான் சமயம் என்று எழுந்து போய்விட்டான்.

“ரவுடியா இருப்பாரோ,” என்றேன் ஸ்கூட்டரில். “எதுத்துக் கேட்டா ஐஸ் கட்டிக்குள்ள வச்சிடுவாரு போல.”

“அவன் இந்த வருஷம்ணு சொன்னான், கேட்டியா?” பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “ரவுடிக்குப் பயப்படுறவன் வருஷம் பாத்தா பயப்படுவான்? களிஞ்ச வருஷம் எதுத்து விளிச்சிருக்காங்க. இந்த வருஷம் விளிக்கல்ல. நடுவுல என்னமோ நடந்துருக்கு.”

திருப்புறத்தில் ஐஸ் பிளான்ட்டைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டியதில்லை. ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் சத்தத்தைப் பின்தொடர்ந்தால் போதும். முற்றத்தில் இறங்கினோம். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல், மதில் நீளத்துக்கு அடுக்கியிருந்தன. ஒருவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உடைத்த ஐஸை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய் அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவன் மலையாளத்தில் என் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தான்.

“எல்லாத்தயும் தொறந்து பாக்கணும்,” என்றேன் மூச்சு வாங்க.

“வேண்டாம்,” என்றாள் சுகிர்தபாய். அவள் பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டிக்காரனிடம், “முதலாளி இன்னைக்கு வந்தாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“கோயிலுக்குப் போனாரு. இஞ்ச வரல்ல. வீட்டுல இரிப்பாரு.”

“லேலத்துல எடுத்தத ஆரும் கடைக்குக் கொண்டுபோவ மாட்டாங்க,” என்று என்னிடம் சொன்னாள். “வீட்டுக்காக்கும் கொண்டுபோவாங்க. காட்டுறதுக்கு ஆளு வேணுமே.”

அவள் தப்பாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அந்த வீட்டில் காட்டுவதற்கு ஆள் இல்லை.

பிளான்ட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே வீடு. கதவு திறந்தே கிடந்தது. வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, பெண் செருப்பு ஒரு ஜோடி. பெண் செருப்பின் உள்பக்கம் தூசி படிந்திருந்தது. சுகிர்தபாய் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத் தன் செருப்பை அதற்குப் பக்கத்தில் விடாமல் கீழ்ப்படியில் கழற்றினாள். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை.

ஞானையன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிய பெரிய உடம்பு, கோயிலுக்குப் போட்ட சட்டையைக் கூட மாற்றவில்லை. எதிர் நாற்காலி காலி. அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால், மேசையில், வெள்ளைப் பெட்டி. சிவப்பு ஸ்டிக்கர் கிழியவில்லை. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சுகிர்தபாயை மட்டும் பார்த்தார்.

“நீங்களா வச்சது?”

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

“ஆராவது வருவாங்கண்ணு நெனச்சேன். இரிங்க. காலைல இருந்து ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்துட்டு இருக்கேன், ஆரா இருக்கும்ணு. உங்கள நெனைக்கல்ல. மன்னிக்கணும், உங்களத் தெரியல்ல.”

அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். பேச ஆள் கிடைத்தவர் பேச்சு. அவருடைய மனைவி ஞானபாய் ஒவ்வொரு அறுப்புப் பண்டிகைக்கும் முந்திரிக்கொத்து என்ற இனிப்புப் பலகாரம் செய்வாளாம். எறும்பு ஏறாமலிருக்க பிளான்ட்டிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து அதில் அடுக்கி, அந்த மேசையில் வைப்பாள். அதை லேலத்தில் இவர்தான் எடுக்க வேண்டும்.

“எனக்கு சீனி வியாதி. ஒண்ணு தின்னக் கூடாது. ஆனாலும் நான்தான் எடுக்கணும். சபை முழுக்கச் சேந்து எதுத்து விளிக்கும், வெலைய ஏத்துறதுக்கு. அந்த நிபின் எனக்குப் பின்னாலயே வந்து நிப்பான். அவ பெண்டுகளுக்க பக்கம் இருந்து சிரிச்சிட்டு இருப்பா. வீட்டுக்கு வந்ததும் அவதான் தொறந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுப்பா.” பெட்டியின் மூடியில் கையை வைத்தார். “சித்திரையில போயிட்டா. இன்னைக்குப் போவண்டாம்ணு இருந்தேன். போனா, மேசையில வெள்ளப் பெட்டி. ஆரோ ஒரு பெண்ணு அவள மறக்காம செய்து வச்சிருக்காண்ணு… நான் கையத் தூக்கினேன். ஒருத்தரும் எதுத்து விளிக்கல்ல. பாவம்ணு நெனச்சாங்க. அது எனக்கு ஒருமாதிரி ஆச்சு. ஆனாலும் பெட்டி இருந்துது. நல்ல ஒரு நாளாட்டு இருந்துது இன்னைக்கு.”

“தொறக்கல்லியா?” என்று நான் கேட்டேன்.

“தொறக்கது அவளாக்கும்.”

சுகிர்தபாய்க்கு அப்போது இரண்டு வழி இருந்தது. ஆமாம், நான்தான் வைத்தேன், தவறுதலாகப் பெட்டி மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அந்த ஞாயிறு அப்படியே இருந்திருக்கும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காலி நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, நான் வைக்கல்ல. ஆரும் வைக்கல்ல.”

சொன்னாள். லிஜாவை, ரெஜிலாவை, டிரைவரை, சேவலை, எல்லாவற்றையும். குரலைத் தாழ்த்தவும் இல்லை, இனிப்பாக்கவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“டிரைவருக்கு நெழலு வேணும்ணு வச்சது.”

“ஆமா அண்ணே.”

“அம்புட்டுதானா.”

“அம்புட்டுதான்.”

வெளியே ஐஸ் இயந்திரம் ஓடி நின்றது. இத்தனை வருடம் பயணிகளிடம் வாயடித்தவன் நான். கடைசியில், தேவையில்லாமல், “ஐஸ் ஒண்ணும் வைக்கல்லியே?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஐஸ் விக்குறவனுக்கும் வாசிக்கத் தெரியும் வேய்.”

பிறகு பெட்டியை இரு கையாலும் தூக்கினார்.

அவருடைய காரை நான் ஓட்டினேன். ஸ்கூட்டர் அந்த முற்றத்திலேயே நின்றது. பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஞானையன், பக்கத்தில் சுகிர்தபாய். மண் சாலையில் நான் ஒவ்வொரு குழிக்கும் நின்று நின்று போனேன்.

“இதுல உயிரு உண்டா இப்ப?” என்று கேட்டார்.

“இருக்கணும். பாத்தாத்தான் தெரியும்.”

“ஆருக்க உயிரு?”

“தெரியாது. செத்துப்போன ஒருத்தருக்கது. பேரு சொல்ல மாட்டாங்க.”

சவ்வைப் பற்றி டாக்டர் சொன்னதை அவள் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். அவர் யோசித்துக்கொண்டு வந்தார்.

“அப்பண்ணா சீனி உள்ள போவும். மருந்து வெளிய வரும். ஆளு மட்டும் உள்ள வரமாட்டாங்க.”

“ஆமா.”

“உடம்புக்குள்ளதான் இருக்கும். ஆனா ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

“தொட்டா செத்துப்போவும் அண்ணே.”

“அப்பிடி இருந்தா ஜீவிக்குமா?”

சுகிர்தபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு சொன்னாள். “காத்து மட்டும் கிட்டணும்ணு டாக்டர் சொன்னாரு. காத்து கிட்டினா ஜீவிக்கும்.”

அந்தப் பதிலை அவள் அவருக்குச் சொன்னாள். கேட்டது நானும்தான். அது இவ்வளவு காலம் கழித்து, அவள் இல்லாத வீட்டில் எனக்கே தேவைப்படும் என்று தெரியாமல் கேட்டேன்.

மருத்துவமனை வாசலில் ரெஜிலா நின்றிருந்தாள். ஞானையனின் மடியில் பெட்டியைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அகிலேஷ் முதலில் முத்திரையைப் பார்த்தார். உடையவில்லை. உள்ளே வெப்பத்தைக் குறித்து வைக்கிற பொத்தான் மாதிரி ஒரு கருவி இருந்தது. அதைக் கணினியில் வைத்துப் படித்தார். சூடும் ஏறவில்லை, குளிரும் படவில்லை. போனில் திருவனந்தபுரத்தைக் கூப்பிட்டு நீண்ட நேரம் மலையாளத்தில் அனுமதி கேட்டார். சோதனையில் தேறினால் வைக்கலாம் என்று பதில் வந்தது.

சோதனைக்கென்று தனியாக ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் மணிகள் வைத்திருந்தார்கள். அதில் சிலவற்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டார்.

“செத்த அணுவுக்குள்ள நீலம் ஏறும்,” என்றார். “உயிருள்ளது நீலத்த உள்ள விடாது.”

காத்திருந்தோம். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கண்ணை எடுக்காமல் தகட்டை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். ரெஜிலாவின் கை என் முழங்கையில் இருந்தது; அவள் என்னைப் பிடித்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

அவர் தலையை நிமிர்த்தி, எங்களில் யாரையும் பார்க்காமல், ஞானையனைப் பார்த்தார்.

“நோக்குங்க.”

பெரிய உடம்பைச் சிரமப்பட்டு வளைத்து அவர் குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார்.

“சுத்திலும் நீலமாட்டு இருக்கு,” என்றார் மெதுவாக. “நடுவுல கூட்டம் கூட்டமா வெள்ளையா…”

“அதுதான். ஜீவனுண்டு.”

ரெஜிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “நாளைக்குக் காலைலதானே?” என்று கேட்டாள். “நாளைக்குத்தான்” என்றார் டாக்டர். பிறகு அவர் கோபம் ராஜதாஸின் மேல் திரும்பியது. வேலையை விட்டுத் தூக்கச் சொல்வேன் என்றார். தரையிலிருந்தபடியே ரெஜிலா கையை உயர்த்தினாள்.

“வெயிலுல விடாம நெழலுல கொண்டு வச்சாரு டாக்டரே. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்.”

லிஜாவைப் பார்க்க மாடிக்குப் போனோம். ஞானையன் கதவருகிலேயே நின்றார். பெட்டியை ஒப்படைத்த பிறகு அவர் அங்கே யார் என்று அவருக்கே தெரியவில்லை. கை இரண்டும் பெட்டியைத் தூக்கின வாக்கிலேயே கொஞ்சம் விலகி இருந்தன.

லிஜா மெலிந்த பெண். கையில் ஊசித் தழும்புகள். ரெஜிலா சொன்னதெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“அங்கிளே, என்ன லேலத்துல எடுத்தது நீங்களா?”

“ஆமா மோளே.”

“நல்ல வெலைக்குப் போனேனா?”

ஞானையன் உள்ளதைச் சொன்னார்.

“இல்ல மோளே. ஆரும் எதுத்து விளிக்கல்ல.”

அவள் அதை யோசித்தாள். அவளிடம் யாரும் அந்த வீட்டுக் காலி நாற்காலியைப் பற்றியோ முந்திரிக்கொத்தைப் பற்றியோ சொல்லவில்லை. கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“அடுத்த வருஷம் நான் வாறேன்,” என்றாள். “வந்து எதுத்து விளிக்கிறேன். விட மாட்டேன் பாத்துக்கிடுங்க.”

ஞானையன் சட்டையின் கைப்பித்தானைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

“பாப்போம்,” என்றார். “பாப்போம் மோளே. நானும் விட மாட்டேன்.”